தப்பான காரணத்தால் சரியாக வந்த ரிப்பன்



மேக்ஸ்வெல்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு நாலு சமன்பாடுதான். தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணி, மறுநாள் ஹால்ல கொட்டிட்டு வந்துட்டேன். அந்த மனுஷரைப் பற்றி நான் படிக்க ஆரம்பிச்சது இந்த வருஷம்தான். அதுக்குக் காரணம் எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்.

எங்க டீம் செஞ்சது தக்காளி பிரிக்கிற மெஷின். மேலே ஒரு கலர் சென்சார், கீழே சின்ன கன்வேயர். பழுத்தது ஒரு பக்கம், காய் ஒரு பக்கம் போகணும். முதல் ரிவ்யூவில் ஒண்ணுகூட தப்பாப் போகல. எல்லாரும் பாராட்டினாங்க. ஒரு வாரம் கழிச்சு லேப்ல சும்மா ஒரு குட்டிப் பழுத்த தக்காளியை வெச்சேன். மெஷின் அதைக் காய்னு சொல்லுச்சு. மறுபடி மறுபடி வெச்சேன், அதே பதில். அப்புறம்தான் புரிஞ்சது. நாங்க வாங்கின பழமெல்லாம் பெருசு, காயெல்லாம் சிறுசு. பெருசா இருந்தா சென்சாருக்குப் பக்கத்துல வரும், அதிக வெளிச்சம் திரும்பும், சிவப்பு ரீடிங் ஏறும். எங்க மெஷின் நிறத்தைப் பார்க்கவே இல்லை, சைஸைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தது.

இதை ரிப்போர்ட்ல எழுதுறதா வேண்டாமான்னு டீமுக்குள்ள ரெண்டு நாள் சண்டை. அந்த நேரத்துல கலர் சென்சார் பத்தித் தேடிப் படிக்கும்போது ஒரு பழைய ரிப்பன் படம் கண்ணில் பட்டது. 1861-ல் எடுத்தது. உலகத்தின் முதல் வண்ணப் புகைப்படம்னு அதைச் சொல்றாங்க. அதுவும் எங்க தக்காளி மாதிரியே தப்பான காரணத்தால் சரியா வந்த ஒன்று. அதைக் காட்டியவர் நம்ம ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்.

முதலில் அந்தத் துணி

ரிப்பன்ல இருந்தது டார்ட்டன். ஸ்காட்லாந்துக்காரங்க பாவாடை மாதிரி கட்டுவாங்களே, அந்தக் கட்டம் போட்ட துணி. பார்க்க வெறும் கட்டம்தான். ஆனா அதுக்குப் பின்னால ஒழுங்கான கணக்கு இருக்கு.

டார்ட்டன்ல முக்கியமானது நூல் எண்ணிக்கை. உதாரணத்துக்கு நீலம் 24, வெள்ளை 4, சிவப்பு 12 என்று வரிசை எழுதிக்கிட்டா, அந்தக் கடைசி நிறம் வரைக்கும் போய் அதே வரிசையில் திரும்பி வரணும். இப்படியே துணி முழுக்கத் தொடரும். பாவு நூலுக்கு என்ன வரிசையோ, பொதுவாக ஊடை நூலுக்கும் அதே வரிசைதான். அதனாலதான் கட்டம் சதுரமா விழுது. நெய்யும்போது ஒவ்வொரு நூலும் ரெண்டு நூலுக்கு மேலே, ரெண்டு நூலுக்குக் கீழே போகும். அடுத்த வரியில் ஒரு நூல் தள்ளி ஆரம்பிக்கும். அதனால துணியில் சாய்வான மெல்லிய வரிகள் தெரியும்.

சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் சந்திக்கிற இடம் சுத்தமான சிவப்பு. சிவப்புப் பாவும் பச்சை ஊடையும் சந்திக்கிற இடத்தில் ரெண்டு நிறமும் மாறி மாறி இருக்கும். பக்கத்துல போனா தனித்தனி நூல் தெரியும். தள்ளி நின்னா ரெண்டும் கலந்து மூணாவது நிறமா தெரியும். மூணு நிற நூல் வெச்சு நெய்தா 6 நிறம் கிடைக்கும். ஆறு நிற நூல் வெச்சா 21. சூத்திரம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், n(n+1)/2.

இந்தத் துணிக்குப் பெரிய கதை உண்டு. 1746-ல் கலோடன் போரில் ஹைலேண்ட்காரங்க தோற்ற பிறகு, அவங்க பாரம்பரிய உடையை ஆண்கள் போடக்கூடாதுன்னு பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டது. 1782-ல்தான் அதை நீக்கினாங்க. 1819-ல் பேனக்பர்னில் இருந்த வில்சன் என்ற நெசவுக் கம்பெனி, எந்த வடிவத்துக்கு எந்த நிறம், எத்தனை நூல் என்று ஒரு கையேடே எழுதி வெச்சிருந்தது. 1822-ல் எடின்பரோவுக்கு வந்த மன்னர் நான்காம் ஜார்ஜ் அங்கே டார்ட்டன் உடை போட்டுக்கிட்டார். அதுக்கப்புறம் அது மொத்த ஸ்காட்லாந்துக்கும் அடையாளமாச்சு.

அந்த எடின்பரோவில்தான், 1831 ஜூன் 13-ம் தேதி மேக்ஸ்வெல் பிறந்தார்.

கிண்டலுக்கு ஆளான பையன்

வளர்ந்தது கிளென்லேர் என்ற கிராமத்து வீட்டில். அப்பா ஜான் வழக்கறிஞருக்குப் படிச்சவர். ஆனா கருவிகள், இயந்திரங்கள் மேலதான் அவருக்கு ஆசை. அம்மா பிரான்சிஸ்தான் முதல் டீச்சர். எதைப் பார்த்தாலும் இது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்கிற பழக்கம் மேக்ஸ்வெலுக்குச் சின்ன வயசிலேயே இருந்தது. மேலோட்டமா ஒரு பதில் சொன்னா விடமாட்டார். அதுக்குள்ள இருக்கிற விஷயம் தெரியணும்னு திரும்பக் கேட்பார்.

அவருக்கு எட்டு வயசு இருக்கும்போது, 1839-ல் அம்மா வயிற்றுப் புற்றுநோயால் இறந்துபோனார். அம்மாவுக்கு அப்போ 48 வயசு. பத்து வயசில் பையனை எடின்பரோ அகாடமியில் சேர்த்தாங்க. அப்பாவே வடிவமைத்த உடையும் சதுர முனை ஷூவும் போட்டுக்கிட்டுப் போனான். பேச்சிலே கிராமத்து வாடை வேற. முதல் நாளே பசங்க சூழ்ந்துக்கிட்டாங்க. கிழிஞ்ச துணியோடதான் வீட்டுக்கு வந்தான். டாஃப்டின்னு பட்டப்பெயர் வெச்சாங்க. கிறுக்கன்னு அர்த்தம் எடுத்துக்கலாம்.

அதே டாஃப்டி 14 வயசில் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதினான். குண்டூசியும் நூலும் வெச்சு முட்டை வடிவ வளைவுகளை எப்படி வரையலாம் என்பது விஷயம். எடின்பரோ ராயல் சொசைட்டியில் சின்னப் பையன் மேடையேற முடியாது. அதனால் 1846-ல் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் அதை அவனுக்காக வாசித்தார்.

சுத்தும் வட்டம்

16 வயசில் எடின்பரோ பல்கலைக்கழகம். அங்கே ஃபோர்ப்ஸ் நிறங்களை வெச்சு ஒரு சோதனை செஞ்சுக்கிட்டு இருந்தார். ஒரு வட்டத்தில் ரெண்டு நிறம் பூசி வேகமா சுத்தினா கண்ணுக்கு ஒரே நிறமா தெரியும். நீலமும் மஞ்சளும் பூசிச் சுத்தினா என்ன வரும்? பச்சைன்னுதானே சொல்வீங்க? பெயிண்ட்ல கலந்தா பச்சைதான். ஆனா சுத்தும்போது பச்சை வரல.

இதற்குத் தெளிவா விளக்கம் கொடுத்தவங்களில் மேக்ஸ்வெலும் ஒருவர். நீலப் பெயிண்ட் சில நிறங்களை விழுங்கும், மஞ்சள் பெயிண்ட் வேறு சிலதை விழுங்கும். ரெண்டும் விழுங்காம மிச்சம் விடுறது பச்சை. சுத்தும் வட்டத்தில் அப்படி இல்லை. அங்கே ரெண்டு ஒளியும் கண்ணுக்குள்ள போய்ச் சேருது. டார்ட்டன்ல பக்கத்துப் பக்கத்து நூல்கள் தள்ளி நின்று பார்க்கும்போது கலக்குதே, அதுவும் இதே வகைதான்.

1850-ல் கேம்பிரிட்ஜ் போனார். 1854-ல் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம். முதலிடம் வாங்கினவர் எட்வர்ட் ரூத். நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் ரூத் அட்டவணைன்னு போடுறோமே, அந்த ரூத்தான்!

தேர்வு முடிஞ்சதும் நிற சோதனையைத் திரும்ப எடுத்தார். இந்த முறை அளவோட. வட்டமான நிறக் காகிதங்களை ஆரத்தின் வழியே வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று சொருகினார். எந்த நிறம் எவ்வளவு வெளியே தெரியணும்னு இப்போ மாற்றிக்கலாம். விளிம்பில் நூறு பாகமா பிரிச்ச அளவுகோல். நடுவில் கறுப்பு வெள்ளை வட்டம். சுத்தவிட்டு, வெளியே வர்ற நிறமும் உள்ளே வர்ற சாம்பலும் ஒண்ணா தெரியிற வரைக்கும் மாற்றிக்கிட்டே இருப்பார். 1855-ல் வெளியான கட்டுரையில் அவர் கொடுத்த ஒரு கணக்கு இது: வெர்மிலியன் சிவப்பு 37, அல்ட்ராமெரைன் நீலம் 27, எமரால்டு பச்சை 36 சேர்ந்தா, வெள்ளை 28, கறுப்பு 72 சேர்ந்த சாம்பலுக்குச் சமம்.

நிறத்துக்கு ஒரு சமன்பாடு! நம்ம கண்ணுக்குள் மூணு வகை உணர்வுதான் இருக்கணும்னு தாமஸ் யங் 1802-லேயே ஊகிச்சிருந்தார். மேக்ஸ்வெல் அதை எண்ணாக மாற்றினார். நிறக்குருடு உள்ளவங்களையும் சோதிச்சார். அவங்களுக்கு மூணு நிறம் தேவைப்படல, ஒண்ணு குறைவா இருந்தாலே பொருந்திடுச்சு. இன்னைக்கு உங்க கையில இருக்கிற போன் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூணு புள்ளிதான் இருக்கு. அதுக்கு அடிப்படை இந்தக் காகித வட்டம்தான்.

வேலை போன வருஷம்

1856-ல் அப்பா இறந்தார். அதே வருஷம் அபர்டீனில் மாரிஷல் கல்லூரியில் பேராசிரியர் வேலை. சனிக் கோளின் வளையம் ஒரே திடப்பொருளா இருக்க முடியாது, எண்ணற்ற சின்னத் துண்டுகளாகத்தான் இருக்கணும்னு கணக்குப் போட்டுக் காட்டி ஆடம்ஸ் பரிசு வாங்கினார். 1858-ல் கல்லூரி முதல்வரின் மகள் கேத்தரினைக் கல்யாணம் செஞ்சுக்கிட்டார்.

1860-ல் அபர்டீனில் இருந்த ரெண்டு கல்லூரியையும் ஒண்ணாக்கினாங்க. ஒரு துறைக்கு ரெண்டு பேராசிரியர் தேவையில்லை என்றதில் மேக்ஸ்வெல் வேலை போச்சு. எடின்பரோவில் ஒரு காலியிடத்துக்கு விண்ணப்பிச்சார், அது அவருடைய பள்ளிக்கால நண்பர் டெயிட்டுக்குப் போயிடுச்சு. அந்த வருஷமே பெரியம்மை வந்து படுத்தார். கூட இருந்து பார்த்துக்கிட்டது கேத்தரின். பிளேஸ்மெண்ட்ல ஒரு கம்பெனி கைவிட்டா நாம எப்படி உட்கார்ந்து போறோம்! இவருக்கு ஒரே வருஷத்தில் மூணு அடி.

தேறி வந்ததும் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். காகித நிறத்துக்குப் பதிலா சூரிய ஒளியின் நிறங்களையே கலக்க ஒரு நீளமான பெட்டி செஞ்சார். லண்டன் வீட்டில் அதுக்குள்ள மணிக்கணக்கா பார்த்துக்கிட்டு இருப்பார். சவப்பெட்டிக்குள்ள எட்டிப் பார்க்கிறார்னு அக்கம்பக்கத்துக்காரங்க நினைச்சாங்களாம். அவர் வெளியிட்ட அளவீடுகளில் பார்வையாளர் ஜே, பார்வையாளர் கே என்று ரெண்டு பேர் இருப்பாங்க. ஜே அவரு. கே, கேத்தரின். அந்தம்மா கண்ணால் எடுத்த ரீடிங்கும் அறிவியல் கட்டுரையில் இருக்கு.

மூணு கண்ணாடித் தகடு

1861 மே 17, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன். மூணு நிறக் கொள்கையைச் சபைக்கு முன்னால் மேக்ஸ்வெல் விளக்கணும். அதுக்காக தாமஸ் சட்டன் என்ற புகைப்படக்காரரிடம் ஒரு டார்ட்டன் ரிப்பனைப் படமெடுக்கச் சொல்லியிருந்தார். ரிப்பனை முடிச்சுப் போட்டு, கறுப்பு வெல்வெட் மேல வெச்சாங்க. பல நிறம், கூர்மையான கோடு. மூணு படமும் சரியா பொருந்தலன்னா உடனே காட்டிக்கொடுத்துடும்.

ஃபில்டரா பயன்படுத்தியது கண்ணாடித் தொட்டியில் நிறத் திரவம். சிவப்புக்கு அயர்ன் தயோசயனேட். பச்சைக்கு காப்பர் குளோரைடு. நீலத்துக்கு அம்மோனியா கலந்த காப்பர் சல்ஃபேட். பிளஸ் டூ சால்ட் அனாலிசிஸ்ல பார்த்த அதே நிறங்கள்தான்! ஒவ்வொரு ஃபில்டர் வழியாகவும் ஒரு படம். மூணும் கறுப்பு வெள்ளை. நீலத்துக்கு 6 விநாடி போதுமா இருந்தது. சிவப்புக்கு 8 நிமிஷம் ஆச்சு. பச்சையில் 12 நிமிஷம் வெச்சும் தகட்டில் ஒண்ணுமே விழல. திரவத்தில் தண்ணி கலந்து நீர்த்துப்போகச் செஞ்சு, மறுபடி 12 நிமிஷம் வெச்ச பிறகுதான் கொஞ்சம் கிடைச்சது.

அன்னைக்கு அரங்கில் மூணு விளக்குப் பெட்டி, மூணு படம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதே நிறத் திரவம். திரையில் மூணும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததும் ரிப்பன் நிறத்தோட தெரிஞ்சது.

இப்போ பிரச்சனைக்கு வருவோம். அந்தக் காலத்துக் கொலோடியன் தகடுக்கு நீலமும் அதற்கு அப்பால் உள்ள புற ஊதாவும்தான் தெரியும். சிவப்பு அதுக்கு இருட்டு மாதிரி. அப்புறம் எப்படி சிவப்புப் படம் விழுந்தது? நூறு வருஷம் கழிச்சு, 1961-ல் கோடாக் கம்பெனியின் ரால்ஃப் எவன்ஸும் அவர் கூட இருந்தவங்களும் அந்தச் சோதனையைத் திரும்பச் செஞ்சு பார்த்தாங்க. அந்த சிவப்புத் திரவம் சிவப்பை மட்டும் விடல, கொஞ்சம் புற ஊதாவையும் விட்டது. அந்த மாதிரி சிவப்புச் சாயத் துணி சிவப்போடு சேர்த்துப் புற ஊதாவையும் திருப்பி அனுப்பும். அதனால் ரிப்பன்ல எங்கெல்லாம் சிவப்போ அங்கெல்லாம் தகட்டில் பதிவு ஆச்சு. தகடு பார்த்தது சிவப்பை இல்லை, புற ஊதாவை. பச்சையும் அப்படித்தான், நீர்த்த திரவம் வழியா கசிந்த நீலப்பச்சை வெளிச்சம்தான் வேலை செஞ்சது.

வேற சாயம் போட்ட ரிப்பன் எடுத்திருந்தா அந்த டெமோ ஊத்திக்கிட்டிருக்கும்.

அவர் மறைக்கல

இதைப் படிச்சப்போ, ஓஹோ, மேக்ஸ்வெலே நம்மள மாதிரிதானான்னு எனக்கு ஒரு சந்தோஷம். அடுத்து படிச்சது அந்த சந்தோஷத்தைக் குறைச்சிடுச்சு. புற ஊதா விஷயம் அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனா சிவப்பும் பச்சையும் நீலத்தின் அளவுக்குச் சரியாகப் பதியவில்லை என்பது தெரிஞ்சிருந்தது. அதை அவர் அச்சிலேயே சொல்லிட்டார். அந்த ரெண்டும் சரியா விழுந்திருந்தா உண்மையான வண்ணப் படம் கிடைச்சிருக்கும், அந்த ஒளியை உணரும் பொருள் கிடைச்சா படம் தேறும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். கை தட்டினதோட நிறுத்திக்கிட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்கவும் மாட்டாங்க.

அவர் சொன்ன குறைதான் அடுத்த வேலைக்கான இடம். 1873-ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோகல், தகட்டில் சாயம் சேர்த்தா மற்ற நிறங்களும் பதியும்னு கண்டுபிடிச்சார். மூணு நிறப் புகைப்படம் அதுக்கப்புறம்தான் உண்மையிலேயே சாத்தியமாச்சு. கொள்கை 1861-லேயே சரி. அதைக் காட்டின சோதனைதான் தற்செயல்.

மேக்ஸ்வெல் ரிப்பனோட நிற்கல. 1865-ல் மின்காந்தப் புலம் பற்றிய பெரிய கட்டுரை. அதில் இருந்தது 20 சமன்பாடு. அதைச் சுருக்கி நமக்கு நாலாகக் கொடுத்தவர் ஆலிவர் ஹெவிசைட். மின்சாரம், காந்தம் ரெண்டின் அளவீடுகளில் இருந்து ஒரு அலையின் வேகத்தைக் கணக்குப் போட்டா அது ஒளியின் வேகத்தோட ஒத்துப்போகுது, அதனால ஒளியே ஒரு மின்காந்த அலைதான்னு சொன்னார். நிறம் பற்றிய கேள்வியில் ஆரம்பிச்சவர் ஒளியே என்னன்னு சொல்லி முடிச்சார். 1871-ல் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகத்தைக் கட்டி எழுப்பும் பொறுப்பு வந்தது. 1874-ல் அது திறந்தது.

1879 நவம்பர் 5-ல் இறந்தார். வயிற்றுப் புற்றுநோய். அம்மாவுக்கு வந்த அதே நோய், அதே 48 வயசு. கிளென்லேருக்குப் பக்கத்தில் பார்ட்டன் என்ற ஊரின் தேவாலயத்தில் புதைச்சிருக்காங்க. அவர் சொன்ன அலைகளை ஹெர்ட்ஸ் ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டினது அதற்கு எட்டு ஒன்பது வருஷம் கழிச்சுத்தான். அவர் பார்க்கல.

எங்க தக்காளி கதைக்கு வர்றேன். ரிப்போர்ட்ல எழுதிட்டோம். மெஷின் நிறத்தைப் பார்க்கல, சைஸைப் பார்த்ததுன்னு, அந்தக் குட்டித் தக்காளியின் ரீடிங்கோட ஒரு பக்கம். சிவப்பு ரீடிங்கை மட்டும் பார்க்காம, சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை எடுத்து கோடை மாத்திக்கிட்டு இருக்கோம். பத்துல எட்டுதான் இப்போ சரியா வருது. மார்க் குறையலாம். ரெண்டாவது ரிவ்யூ அடுத்த வாரம்.

உங்க ப்ராஜெக்ட் முதல் தடவையே சரியா வந்துட்டா ரொம்ப சந்தோஷம். ஆனா ரிவ்யூ முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் லேப்ல ஒரு அரை மணி நேரம் கூட இருந்து பாருங்க. ஒரு குட்டித் தக்காளியை வெச்சுப் பாருங்க.